சட்டைக் கையோடு அளந்த அளவு

கல்லூரி மாணவர்கள் நடத்தும் அந்தத் தொண்டு நிறுவனம் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருகிறதென்றால் முதலில் பேனர் வரும், அடுத்து கேமரா வரும், கடைசியாகத்தான் சத்துப் பொட்டலம் வரும். குழந்தைகளைக் கொழுக்கவைக்கப் புறப்பட்டவர்களின் பேனர்தான் மாதாமாதம் கொழுத்தது. பதினெட்டு வருடமாக இங்கே நர்ஸாக இருக்கிறேன். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று என் கவலையெல்லாம் சிட்டுவைப் பற்றித்தான். இரண்டு வயதுப் பெண். போன வாரம் ஊட்டக்குறைவை அளக்க அவள் புஜத்தைச் சுற்றிய வண்ண நாடா சிவப்பில் நின்றது. சிவப்பு என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. அவள் அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். லீவு போட்டால் வேலை போய்விடும். ஒரு வாரம் மன்றாடித் தலையாட்ட வைத்திருந்தேன். மறுநாள் காலை வண்டி வருவதாக இருந்தது.

அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் வருகை. குழந்தைகளுக்கெல்லாம் நிறுவனத்தின் டி-ஷர்ட். வந்தது பத்து வயதுப் பிள்ளைகளின் அளவு. சிட்டுவுக்குச் சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டார்கள். அந்தக் கையில்தான் நிறுவனத்தின் சின்னம் இருந்தது, அது போட்டோவில் தெரியவேண்டுமே. அதனால் மடிப்பின் மேலேயே நாடாவைச் சுற்றினார்கள். பச்சை காட்டியது, பிள்ளை தேறிவிட்டாளாம். கைதட்டல் வேறு.

அம்மா என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, பச்சையாம். இனிமே ஆஸ்பத்திரி வேணாம்தானே? படிச்ச பிள்ளைங்களே சொல்லுதுங்க."

நான் சிட்டுவின் சட்டையைக் கழற்றிவிட்டு அளந்தேன். சிவப்பு. போன வாரத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவு.

நிறுவனத்தின் தலைவன் ஓடி வந்தான். கையிலிருக்கும் மைக்கை யாருக்கும் தராததால் அவனுக்கு நான் வைத்த பெயரும் மைக்தான்.

"சிஸ்டர், ரிப்போர்ட்ல பச்சைன்னு போட்டாச்சு."

"தம்பி, நீங்க அளந்தது துணியை."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. சிவப்பு ஒண்ணுகூட இல்லைன்னு ஸ்பீச்ல எழுதியிருக்கோம். கெஸ்ட் போற வரைக்கும் பாப்பாவ உள்ள ரூம்ல வச்சிருங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

வெட்கம் என்பதை இவர்களுக்கு எந்தப் பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பது? நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நல்லா இருக்கான்னு சொன்னீங்களே. அப்புறம் எம் பொண்ண எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

மைக் பேனரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அம்மா சிட்டுவின் வெற்றுப் புஜத்தை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தாள். விரல்கள் எளிதாகச் சேர்ந்துகொண்டன.

"நாளைக்கு வேணாம் அக்கா. வண்டிய இப்பவே வரச் சொல்லுங்க."