நாற்பதாவது கிண்ணம்

இந்தப் பல்கலைக்கழகத்தில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பயறக்கா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். நாற்பது மாணவர்களுக்கு எட்டு வாரம், தினமும் மதியம் ஒரு கிண்ணம் பயறு கொடுத்து, அவர்கள் உடம்பில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் காராமணி, ஒரு நாள் பாசிப்பயறு. வேகவைத்து, உப்புப் போட்டு, தராசில் நிறுத்து, துறையின் கீழ்த்தளத்து அறையில் பன்னிரண்டரை மணிக்கு வைத்துவிடுவேன். மற்ற வேளைகளில் அவர்கள் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இருபது வயதுப் பிள்ளைகளைப் பயறு தின்ன வைப்பதற்கு நாற்பது பூனைகளைக் குளிப்பாட்டியிருக்கலாம். ஒருத்தன் வயிறு கடமுடா என்கிறது என்பான். ஒருத்தி வகுப்பில் நிம்மதியாக உட்கார முடியவில்லை என்பாள். கட்டடக்கலை படிக்கும் ஒருவனுக்கு மைனர் என்று பெயர் வைத்திருந்தேன். அவன் எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவான். கேட்டால், "காத்து வருதுக்கா" என்பான். அவன் கிண்ணத்தை வெளியே கொட்டி நான் பார்த்ததில்லை. என் ஆய்வில் நிஜமாகவே உடம்பு தேறியவை அந்த ஜன்னலுக்குக் கீழே திரியும் காக்கைகள்தான் என்பதை மட்டும் பார்த்தேன். அவன் நோட்டிலோ, "கிண்ணம் முழுவதும் உண்டேன்" என்று அழகான கையெழுத்தில் இருக்கும்.

நாற்பதாம் எண் மட்டும் வேறு மாதிரி. கணிதம் இரண்டாம் வருடம் படிக்கும் பெண். அவளை நாப்பது என்றே கூப்பிடுவேன். மணி அடிக்கும் முன்பே வந்துவிடுவாள். கிண்ணத்தின் அடியில் நிற்கும் உப்புத் தண்ணீரையும் குடித்துவிடுவாள். முதல் வாரத்திலேயே, "ஞாயித்துக்கிழமையும் உண்டாக்கா?" என்று கேட்டாள். லீவே கிடையாது என்றேன். மற்ற முப்பத்தொன்பது பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், அவள் முகம் மலர்ந்தது. ஆய்வில் அக்கறை என்றால் இதுதான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மரமண்டைக்கு அதுதான் எட்டியது.

ஐந்தாவது வாரம் நோட்டுகளைச் சரிபார்த்தேன். அதற்கு முந்தின வியாழக்கிழமை விடுதியில் தண்ணீர்க் குழாய் உடைந்து மெஸ் நாள் முழுக்க மூடிக் கிடந்தது. நாப்பதின் நோட்டில் அன்றைக்குக் காலை ரொட்டி, முட்டை; இரவு சோறு, காய், தயிர். பின்னால் புரட்டினேன். ஐந்து வாரமும் மெஸ் வாசலில் ஒட்டும் பட்டியல், ஒரு புள்ளி மாறாமல்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். இவளுமா பொய் எழுதுகிறாள் என்று பொங்கிவிட்டது. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும் இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டுபோய் என் வழிகாட்டியான மேடத்தின் மேசையில் போட்டேன். மேடம் அவளை வரச் சொன்னார்.

"மெஸ்ல சாப்பிடுறது இல்லையாம்மா?"

நாப்பது என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "இந்த வருஷம் நிறுத்திட்டேன் மேடம். தம்பியும் காலேஜ் சேந்துட்டான். அப்பாவால ஒருத்தருக்குத்தான் அனுப்ப முடியும். எனக்கு ஸ்காலர்ஷிப்லயே சாப்பாடும் தராங்கன்னு வீட்ல சொல்லியிருக்கேன்."

"அப்ப என்னதான் சாப்பிடுறே?"

"காலையில டீ. ராத்திரி பிஸ்கட். மத்தியானம்தான் அக்கா தராங்களே."

எடை மேடையில் ஏற்றினோம். முதல் நாள் நான் குறித்ததைவிட நாலரைக் கிலோ குறைவு. எட்டாவது வாரம்தான் மறுபடி எடை பார்ப்பதாக இருந்தோம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. மேடம் ஆய்வுத் திட்டத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். யாருக்காவது மூன்று கிலோவுக்கு மேல் குறைந்தால், பங்கேற்பாளரின் நலன் கருதி அவர் உடனே விலக்கப்படுவார். நான் எழுதிய வரி. அதற்காக நெறிமுறைக் குழு என்னைப் பாராட்டியதும் உண்டு.

"நான் எடை ஏத்திக்கிறேன் மேடம். ஒரு வாரம் மட்டும் டைம் குடுங்க" என்றாள் நாப்பது. எதைத் தின்று ஏற்றுவாள் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

"என் கையில எதுவும் இல்லம்மா" என்றார் மேடம். "மாணவர் நல அலுவலகத்துல எழுதிக் குடு. இலவசச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. அப்பா கையெழுத்து மட்டும் வேணும்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா தம்பியத்தான் நிறுத்துவார் மேடம்."

அதோடு பேச்சு முடிந்தது. அவள் நன்மைக்காக அவளுடைய ஒரே சாப்பாட்டை நிறுத்தினோம்.

மறுநாள் என் பங்குச் சோற்றையும் ஒரு கிண்ணம் காராமணியையும் டப்பாவில் போட்டுக்கொண்டு கணிதத் துறை மாடிப்படிக்குப் போனேன். படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா, சாப்பிடு."

"வேணாம்க்கா."

"ஏன்டி, வீம்பா? என்மேல கோவம்னா திட்டிட்டுச் சாப்பிடு."

"கோவமெல்லாம் இல்லக்கா. நேத்து வரைக்கும் நான் உங்களுக்கு உதவி பண்ணிட்டிருந்தேன். இன்னைக்கு நீங்க எனக்குப் பண்றீங்க. அது வேறல்ல?"

டப்பாவோடு திரும்பி வந்தேன். அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தேன். தலைப்பு, நோக்கம், கால அளவு, கையெழுத்துக்குக் கோடு எல்லாம் உண்டு. கணித மாணவர்களின் கவனத்தில் பயறு உணவின் தாக்கம், துணை ஆய்வு, பன்னிரண்டு வாரம். காலையும் இரவும்கூடச் சாப்பாடு தருவதாக எழுதியிருந்தேன். துறையின் முத்திரையைக்கூடத் திருட்டுத்தனமாகக் குத்தினேன்.

மறுநாள் காலை அதே படியில் நாப்பது அதை நிதானமாகப் படித்தாள். "எத்தனை பேர்க்கா?"

"இப்போதைக்கு நீ மட்டும்தான்."

"ஒரே ஆள வெச்சு என்னக்கா தெரிஞ்சுக்குவீங்க?"

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்கல்ல?" என்று சிரிக்கப் பார்த்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. "அதுக்குப் பானையில மத்த சோறும் இருக்கணுமேக்கா" என்று சொல்லி, கையெழுத்துப் போடாத படிவத்தை மடங்காமல் என் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

பன்னிரண்டரைக்கு முப்பத்தொன்பது கிண்ணம் வைத்தேன். மைனர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, "இன்னைக்கு உப்பு கம்மிக்கா" என்றான். அவன் நோட்டில் ஒரு பிழையும் கிடையாது. வெளியே காக்கைகள் கத்தத் தொடங்கின. பதிவேட்டைத் திறந்தேன். நாற்பதாம் எண்ணுக்கு நேரே விலக்கியதற்கான காரணம் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, பங்கேற்பாளரின் நலன் கருதி என்று எழுதினேன்.