பூச்சிமருந்துக்காரர் வீட்டு நீலத் தவளை

பூச்சிமருந்து அடிப்பவர் தொழிலில் ஈவிரக்கம் பார்க்காத மனிதர். பதினெட்டு வருஷமாக ஊர்க் கரப்பான்பூச்சிகளுக்கெல்லாம் எமன். அப்பேர்ப்பட்டவர் ஒரு கிடங்கின் பின்பக்கச் சாக்கடையில் மருந்தடிக்கக் குனிந்தபோது, உள்ளேயிருந்து ஒரு தவளை அவரை நிமிர்ந்து பார்த்தது. பச்சையில்லை, பழுப்பில்லை. பேனா மையில் முக்கியெடுத்தது போல நல்ல நீலம். விசையை அழுத்த அவருக்குக் கை வரவில்லை. சாப்பாட்டு டப்பாவில் ஈரத்துணி விரித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ஒரு நாளாவது எனக்குன்னு எதையாவது வாங்கிட்டு வந்திருக்கீங்களா? இப்ப தவளை!" என்றாள் மனைவி.

"நிறத்தப் பாரேன்."

"பாத்தேன். இத வைக்கிற கண்ணாடித் தொட்டிய யாரு கழுவுறது?"

தவளையோ உயிரோடு துள்ளும் இரையைத் தவிர வேறெதையும் சீண்டவில்லை. வேறு வழியில்லாமல் வளர்ப்புப் பிராணிக் கடையில் சில்வண்டுகள் வாங்கி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு பெட்டியில் வளர்த்தார். கேரட் நறுக்கிப் போட்டார். குளிருமே என்று பல்பு மாட்டினார். பகலெல்லாம் பூச்சியைக் கொன்றுவிட்டு, சாயங்காலம் வந்து அவற்றுக்குப் பேறுகாலம் பார்த்தார்.

ஒரு நாள் மூடி சரியாகப் பொருந்தவில்லை. பெட்டியில் இருந்ததெல்லாம் குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழ்வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அங்கே இருந்தவர் வயலின் டீச்சர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூச்சிமருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டார். பக்கத்தில் இருக்கும் ஆள் என்று கம்பெனி இவரையே அனுப்பியது.

"அட, மேல்வீட்டு சார் நீங்களா! இதெல்லாம் எங்கேருந்து வருதுன்னே தெரியல சார்."

"பழைய கட்டடம் பாருங்க. வரத்தான் செய்யும்," என்றார் அவர், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

முதுகில் மருந்து டாங்கி கனத்தது. இங்கே அடித்தால் அதே ஓட்டை வழியாக நெடி மேலே ஏறும். தவளைக்குத் தோலெல்லாம் மூக்கு, தாங்காது. "மருந்து வேண்டாம் மேடம், உங்க மாணவர்களுக்கு ஆகாது," என்று டாங்கியை இறக்கிவைத்தார். மூன்று நாள் மண்டிபோட்டு, சோபாவுக்கடியில் டார்ச் அடித்து, ஒவ்வொன்றாகக் கையால் பிடித்தார்.

டீச்சர் உருகிப்போய்க் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். இப்படியொரு ஜீவகாருண்யத்தைக் கண்டதில்லையாம். மேனேஜர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். "புதுசா சேர்றவங்களுக்கு இனிமே நீங்கதான் வகுப்பு எடுக்கணும்."

அவருக்கு மனசு உறுத்தியது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தவளைத் தொட்டியருகே போனார்.

"இத அங்கேயே கொண்டுபோய் விட்டுடறேன்."

மனைவி குறுக்கே வந்து நின்றாள். "எங்க? மாசாமாசம் நீங்களே மருந்தடிக்கிற சாக்கடைக்கா? கைய எடுங்க. இப்பத்தான் சாப்பிட்டுட்டுத் தூங்குது."

திங்கட்கிழமை முதல் வகுப்பு. எதிரே ஒன்பது பேர். கையைக் குவித்துப் பூச்சி பிடிக்கும் விதத்தைப் பொறுமையாகச் செய்துகாட்டினார்.

"பிடிச்சத என்ன சார் பண்றது?" என்று ஒருவன் கேட்டான்.

"உயிரோட எங்கிட்ட குடுத்துடுங்க," என்றார். "அதான் முறை."

ஒன்பது பேரும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.