வலது முழங்கால்

பாக்கியநாதனைத் தோற்கடிப்பதற்காகத்தான் ஜெஸிமா எம்.காம். சேர்ந்தாள். வீட்டில் வேறு காரணம் சொல்லியிருந்தாள். "மேல படிச்சா நல்ல வேலை கிடைக்கும் அத்தா" என்றதும், காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் அப்துல் ஹலீம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்ததே அவள் ஒருத்திதான். எம்.காம். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று குறுக்குக் கேள்வி கேட்க அங்கே யாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி.

கல்லூரியில் படித்தால்தான் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆட முடியும். கல்லூரி அணியில் ஆடினால்தான் என்றைக்காவது ஒருநாள் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் பாக்கியநாதன் உட்கார்ந்திருப்பார். கணக்கு அவ்வளவுதான்.

பாக்கியநாதன், முகில்வாணன் கலைக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்குப் பி.டி. சார். பாலக்கரையில் ஒரு பள்ளி மைதானத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். தலையில் துணி, முழுக்கை, கணுக்கால் வரை கறுப்பு லெக்கிங்ஸ். இதெல்லாம் போட்டுக்கொண்டு ஆடலாமா என்று அவள் தயங்கியபோது, "எதை வேணா போட்டுக்க, பந்து மட்டும் உள்ள போகணும்" என்றார். அன்றைக்கு அவரை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மூன்றாம் வருடம், அரையிறுதி. எம்பி இறங்கிய இடத்தில் வலது முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பி.டி. சார் ஓடி வந்து ஸ்பிரே அடித்தார். "ஒண்ணுமில்ல. இறுக்கிக் கட்டிக்க. நாளைக்கு ஃபைனல்." கட்டிக்கொண்டு ஆடினாள். ஜெயித்தார்கள். கோப்பையைச் சுற்றி எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது அவள் கோர்ட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தாள். உள்ளே சவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது, முந்தின நாளே ஆடாமல் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்து போனை எடுத்துப் பார்த்தால், அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளைத் தூக்கியிருந்தார்கள். தூக்கியவர் பெயரும் அங்கேயே இருந்தது. அடுத்த வாரம் ஒதுக்கீட்டுச் சலுகையும் போனது. "விளையாடாத பொண்ணுக்கு எதுக்கு விளையாட்டு சீட்டு?" என்று ஆபீஸில் வைத்துச் சொன்னாராம். ஆஸ்பத்திரிப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறந்துவிட்டு வேலையைப் பாரு என்று புத்தி சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் சுவரைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இல்லை.

எம்.காம். கிடைத்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில். அங்கே அணி என்று ஒன்று பெயருக்கு இருந்தது. கோச் கிடையாது. கூட வருவதற்குத் தாவரவியல் மேடம் ஒருவர். ஆட்டம் நடக்கும்போது பந்தைப் பார்ப்பதைவிட வேலியோரம் முளைத்த செடியைத்தான் அதிகம் பார்ப்பார். ஜெஸிமா ஓரங்கட்டிக்கிடந்த பிள்ளைகளைப் பிடித்து இழுத்து, திட்டி, ஓடவிட்டு, அழவிட்டு, ஒரு அணியாக்கினாள். அப்புறம்தான் சனியன் பிடித்தது.

முதல் ஆட்டத்தில் கேப்டனுக்கு விரல் ஒடிந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய மைதானத்தில் பயிற்சி செய்யப்போய் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. ஒருத்தி காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டியோடு சறுக்கினாள். இன்னொருத்திக்கு மஞ்சள் காமாலை. அதை அடிபட்ட கணக்கில் சேர்க்கலாமா என்று அணியிலிருந்த ஆஃப்ரின் கேட்டதற்கு, "சேத்துக்கடி, எல்லாம் ஒரே எழவுதான்" என்றாள் ஜெஸிமா. வாரத்துக்கு ஒரு ஆள் கழன்றுகொண்டிருந்தாலும் எப்படியோ ஜெயித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆஃப்ரின் தூரத்திலிருந்து போடுவாள், தொட்டியத்துப் பிரேமலதா கூடைக்கடியில் மரம் மாதிரி நிற்பாள், மிச்சத்தை ஜெஸிமா பார்த்துக்கொள்வாள்.

ஃபைனலுக்கு மிஞ்சியது சரியாக ஐந்து பேர். மாற்று ஆள் ஒருத்தி கிடையாது. எதிரே முகில்வாணன் கல்லூரி. ஆட்டமும் அவர்கள் மைதானத்திலேயே.

"தாயார் சன்னதியில விண்ணப்பம் பண்ணிண்டு வந்திருக்கேன்" என்றார் மேடம், பஸ்ஸில். "கப்பெல்லாம் நேக்கு வேண்டாம். அஞ்சு பேரும் கைகாலோட வந்து சேருங்கோ, அது போதும்."

"எனக்கு கப்பு வேணும் மேடம்" என்றாள் ஜெஸிமா.

திருவெறும்பூர் தாண்டியதும் ஆஃப்ரின் காதோரம் குனிந்தாள். "அந்தாளு உன் கால வச்சுதான்டி கணக்குப் போடுவாரு."

ஜெஸிமாவுக்கு அது தெரியாதா? ஒரு மாதமாகத் தூக்கத்திலும் அதே யோசனைதான். வலப்பக்கமாகப் பாய்ந்தால் அவள் இடது காலில் எம்புவாள். அது நல்ல கால், எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இடப்பக்கமாகத் திருப்பிவிட்டால் வலது காலில் எம்ப வேண்டும். நான்கு தடவை தாங்கும், ஐந்தாவது தடவை தாங்காது. அவளுடைய வலப்பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் போதும், அவள் கதை முடிந்தது. அவளைத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பாக்கியநாதனைவிட அவளைத் தெரிந்தவர் யார்?

நெடுஞ்சாலையில் இறங்கி உள்ளே நடந்தார்கள். கேட்டுக்கு அருகிலேயே அவர் நின்றிருந்தார்.

"யாரு, ஜெஸிமாவா? இன்னுமா ஆடிக்கிட்டிருக்க! நல்லது, நல்லது." கண் கீழே இறங்கிக் கறுப்பு லெக்கிங்ஸில் நின்றது. "காலெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"எத்தன பேரு வந்திருக்கீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான சார் இருக்கீங்க."

அவர் சிரித்தார். அவருடைய பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஒரே மாதிரி பனியனில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதில் மதிவதனி என்ற ஒன்பதாம் நம்பர் பெண் இடது கணுக்காலில் பட்டை பட்டையாக டேப் சுற்றியிருந்தாள். முகத்தைச் சுளிக்காமல் ஓட முயன்றாள். ஜெஸிமாவுக்கு அந்த முகம் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

ஆட்டம் தொடங்கியது. மதிவதனிதான் ஜெஸிமாவுக்குக் காவல். முதல் தடவை பந்தை எடுத்துப் போனதும் ஜெஸிமா வலப்பக்கம் அடைபடும் என்று காத்திருந்தாள். அடைபடவில்லை. அந்தப் பெண் இடப்பக்கம் வந்து தொடையில் மோதினாள். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை இடது முழங்காலில் முட்டியாலேயே ஒரு இடி. நடுவர் விசில் ஊதினார். மதிவதனி, "சாரிக்கா" என்றாள், குரலே வெளியில் வராமல்.

முதலில் ஜெஸிமாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஏதோ அல்லா காப்பாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"லெஃப்ட்டுல ஏறு மதி! லெஃப்ட்டு! அது ஆபரேஷன் பண்ண காலு, தாங்காது!"

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெஸிமா அப்படியே நின்றுவிட்டாள். பிரேமலதா, "இங்க குடுடி, என்ன புடிச்சு வச்ச மாதிரி நிக்கிற!" என்று கத்தியது எங்கேயோ கேட்டது.

அவருக்கு ஞாபகம் இல்லை.

அந்த ஸ்பிரேயை அடித்தது அவர் கை. இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடச் சொன்னது அவர் வாய். இரண்டு வருடமாக அவள் அந்த மனிதரை மனதுக்குள் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள், அறைந்திருக்கிறாள், காலில் விழ வைத்திருக்கிறாள். அவர் வேண்டுமென்றே செய்தார், தெரிந்தே செய்தார் என்றுதான் அவ்வளவும். அந்த ஆளுக்கு எந்தக் கால் என்றே தெரியவில்லை. கெட்டவனாகக்கூட இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளை மறப்பது மாதிரி மறந்துபோயிருக்கிறான்.

அவளுக்குள் அதுவரை இருந்தது கோபமே இல்லை என்று அப்போது தெரிந்தது. இப்போது வந்ததுதான் கோபம்.

அடுத்த தடவை மதிவதனி லேசாக உரசியதும் ஜெஸிமா கீழே விழுந்தாள். இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா!" என்றாள். மேடம் கைப்பையோடு கோர்ட்டுக்குள்ளேயே ஓடி வந்துவிட்டார். "அய்யோ, என்னடி கொழந்தே!"

"ஒண்ணுமில்ல மேடம், போங்க. நடிப்பு" என்றாள் பல்லுக்கிடையில். மேடம் விழித்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அதன்பிறகு ஜெஸிமா இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். விந்தி விந்திப் பந்தை எடுத்துப் போனாள். எதிர்ப்பக்கத்து பெஞ்ச் எழுந்தே நின்றுவிட்டது. "விடாத! அங்கயே ஏறு! இன்னொரு ஆளு போ!" இரண்டு பேர் வந்து இடப்பக்கம் அடைத்தார்கள். வலப்பக்கம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு மாதிரி விரியத் திறந்து கிடந்தது. ஒரு அடி, இரண்டு அடி, நல்ல காலில் எம்பி, உள்ளே. மறுபடி விந்தல். மறுபடி இரண்டு பேர். மறுபடி உள்ளே.

"நொண்டிக்கிட்டே போடுறாளே, புடிக்க முடியல?" என்று பாக்கியநாதன் மதிவதனியைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பெண் டேப் சுற்றிய காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டத்தில் ஸ்ரீரங்கத்து முதல் வருடப் பெண் ஒருத்தி பந்துக்குத் தாவி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மிச்சம் நான்கு பேர். நான்கு பேரோடு ஆடலாமா என்று மேடம் நடுவரிடம் கேட்டார். ஆடலாம் என்றார் நடுவர், கொஞ்சம் பரிதாபமாக. முகில்வாணன் பிள்ளைகள் ஏறி ஏறி வந்தார்கள். பிரேமலதா முழங்கையில் ரத்தத்தோடு கூடைக்கடியில் மறித்து நின்றாள். முடிய அரை நிமிடம் இருக்கையில் முகில்வாணன் ஒரு புள்ளி முன்னால்.

பந்து ஜெஸிமாவிடம். மதிவதனி எதிரே வந்தாள். ரொம்பப் பக்கத்தில் வந்ததும் மெல்லச் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்கு ரைட்டு காலுதான? நீங்க எறங்குறதப் பாத்தாலே தெரியுது."

ஜெஸிமா பந்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான உங்க சார்கிட்ட?"

"சொன்னேன். எனக்குத் தெரியாதா, பேசாம ஆடுன்னாரு."

பெஞ்சிலிருந்து, "லெஃப்ட்டு! லெஃப்ட்டு மதி!" என்றது குரல். மதிவதனி, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக, இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். ஜெஸிமா விந்தவில்லை. பாய்ந்தாள். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. அவர்கள் எடுத்துப் போட நேரம் இருக்கவில்லை.

ஆஃப்ரின் வந்து மேலே விழுந்தாள். மேடம் கைப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தார். ஜெஸிமா பாக்கியநாதன் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டாளோ அது இல்லை. அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பரிசளிப்பில் அது ஏன் என்று தெரிந்தது. தாளாளர் மேடையில் உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்த பாக்கியநாதன் விடவில்லை.

"ஜெயிச்சது வெளியூரா? ஸ்ரீரங்கமா? இல்லங்க. இந்த ஜெஸிமா யாரு? நம்ம பொண்ணு. நான் பாலக்கரையில கண்டெடுத்த பொண்ணு. அந்த ஆட்டம் யாரு ஆட்டம்? என் ஆட்டம். காலு போயி கெடந்தப்பகூட என் மக மாதிரி பக்கத்துல இருந்து பாத்தேன். இன்னிக்கு எனக்கு எதிரா நின்னு ஜெயிச்சாலும், அது எனக்குத்தாங்க பெருமை."

தாளாளர் தலையாட்டினார். கைதட்டல். அவ்வளவு பாடுபட்டு ஜெஸிமா ஜெயித்ததை இந்த ஆள் எச்சில் தொட்டு எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறான்.

அவர் கையாட்டி மேடைக்குக் கூப்பிட்டார். கோப்பை வாங்கப் போனவள் மைக்குக்கு நேராகவே நின்றுகொண்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா, கேளு."

"எனக்கு எந்தக் காலு சார்?"

அவர் சிரித்தார். கறுப்பு லெக்கிங்ஸில் இரண்டு காலும் ஒன்று போல இருந்தன. "இது ஒரு கேள்வியா? லெஃப்ட்டு."

"ரைட்டு, சார்."

அவர் கூட்டத்தைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் பெருமையாகத் தலையாட்டினார். அவள் சரி என்று சொல்கிறாள் என்றே நினைத்துக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பிள்ளைகளில் ஒருத்திக்கு முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்குள் சிரிப்பு வெடித்தது. பக்கத்திலிருந்தவளுக்குத் தொற்றியது. அப்படியே வரிசை முழுக்கப் போனது. தாளாளர் பக்கத்து ஆளிடம் என்னவென்று கேட்டார். பதில் கேட்டதும் அவர் முகம் மாறியது.

கடைசியாகப் புரிந்தது பாக்கியநாதனுக்கு.

"சரி விடும்மா" என்றார். மைக் இன்னும் வாயருகில்தான் இருந்தது. "ஏதோ ஒரு காலு."

மைதானத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் அது கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நிறுத்தினார்கள். மதிவதனி குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றினாள். அங்கேயே உட்கார்ந்து அந்த டேப்பைச் சர் சர்ரென்று பிய்க்க ஆரம்பித்தாள். மைக் அணைந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

மன்னித்துவிட்டாயா என்று மேடம் பஸ்ஸில் கேட்டார். "எதுக்கு மேடம்?" என்றாள் ஜெஸிமா. பின்சீட்டில் பிரேமலதா மூக்கைப் பிடித்துக்கொண்டு பி.டி. சார் குரலில், "ஏதோ ஒரு காலு!" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. முகில்வாணன் பிள்ளைகள் யாரோ அதற்குள் அதை ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் எந்தக் கல்லூரி மைதானத்தில் கால் வைத்தாலும் பாக்கியநாதனுக்கு அந்தப் பெயர்தான். அவர் வருகிறார் என்றால், "ஏதோ ஒரு காலு வருதுடி" என்பார்கள்.

ஜெஸிமா அதைக் கேட்கும்போதெல்லாம் சிரித்தாள். ஒரு தடவைகூட அலுக்கவில்லை.