நாலு விரல் கூடுதல்

டேப்பின் ஒரு நுனியை வெள்ளைத்துரையின் கையிலேயே பிடிக்கக் கொடுத்துவிட்டு, மாநகராட்சி லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் சிதம்பரநாதன் மறுநுனியோடு முக்காலியில் ஏறினார். வெள்ளைத்துரை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பிடித்தான். கடை திறப்பதற்கு முன்பே ஓர் அதிகாரி நேரில் வந்து பலகையை அளக்கிறார் என்றால் அது ஒரு மரியாதை என்றுதான் அந்த அப்பாவி மனுஷன் நினைத்தான். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற அந்தச் சின்னத் தெருவில் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட வேண்டுமென்றால் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவனும் ஒழுங்காக மூன்று தடவை நடந்து வாங்கி வைத்திருந்தான். நாலு மீட்டர் நீளத்துக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று அதில் கண்டிருந்தது. அவனே அளந்து அறுக்கச் சொன்ன பலகை. பயப்பட என்ன இருக்கிறது?

"நாலு மீட்டர் ஏழு சென்டிமீட்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏழு ஜாஸ்தியா இருக்கே."

"இருக்காது ஸார். என் கையால அளந்தேன்லா."

"எதை வச்சு அளந்தீங்க?"

வெள்ளைத்துரை உள்ளே ஓடி மீட்டர் கம்பியை எடுத்து வந்தான். அரசாங்க முத்திரை குத்திய கம்பி. இன்ஸ்பெக்டர் அதன்மேல் டேப்பை வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக ஒரு மீட்டர்.

"கம்பி சரியா இருக்கு. பலகை சரியா இல்ல. நடுவுல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. எங்க, எதையாவது அளந்து காட்டுங்க பாப்போம்."

வெள்ளைத்துரை மல் துணிக் கட்டு ஒன்றைப் பிரித்து நாலு மீட்டர் அளந்தான். சர், சர், சர், சர் என்று நாலு இழுப்பு. பதினாறு வருஷமாக அளக்கிற கை. அவன் வேலை பார்த்த பெரிய ஜவுளிக் கடையில் ஒவ்வொரு மீட்டர் முடியும்போதும் கம்பியின் நுனியைத் தாண்டி ஒரு விரல் அகலம் கூடத் தள்ளிப் பிடிப்பது வழக்கம். தள்ளாதவன் கையில் வியாபாரம் தங்காது என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாளடைவில் சொல்லிக் கொடுத்தது மறந்துபோய், பழக்கம் மட்டும் கையில் நின்றுவிட்டது. ராயப்பேட்டை மரக்கடையில் பலகைக்குக் குறி போட்டபோதும் அந்தக் கை எஜமானனைக் கேட்காமல் மீட்டருக்கு ஒரு விரல் தாராளம் காட்டியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் துணியைத் தன் டேப்பால் அளந்தார். நாலு மீட்டர் ஏழு சென்டிமீட்டர்.

"பழக்கம் ஸார்," என்றான் வெள்ளைத்துரை. குரல் இறங்கிவிட்டது.

"புரியுது. ஆனா பழக்கத்துக்கு லைசென்ஸ் கிடையாதே," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அதுதான் வம்பு. அவர் முறைத்திருந்தால் காலில் விழலாம், கையை நீட்டியிருந்தால் எதையாவது வைக்கலாம். இந்த மனுஷரோ வரவழைத்துக் கொடுத்த காப்பிக்குச் சில்லறையை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் டம்ளரைத் தொட்டார். புது மனுப் போட்டால் ஆறு வாரம் ஆகும் என்றார். "வெள்ளிக்கிழமை காலைல வரேன். நாலு மீட்டருக்குள்ள இருந்தா சர்டிபிகேட் எழுதிக் குடுத்துடறேன். இல்லேன்னா பலகையை லாரில ஏத்தித்தான் ஆகணும். தப்பா நெனைச்சுக்காதீங்க," என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அன்று புதன்கிழமை.

வெள்ளிக்கிழமைதான் கடை திறப்பு. அதுகூடப் பரவாயில்லை, பலகை இல்லாமலும் கடையைத் திறக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை விடிகாலை ரயிலில் பேச்சியம்மாள் வருகிறாள். அவன் பெண்டாட்டி. பதினாறு வருஷம் அவன் பட்டணத்திலும் அவள் திருச்செந்தூர்ப் பக்கத்து ஊரிலுமாகக் கழிந்த கல்யாண வாழ்க்கை. தீபாவளி முடிந்து நாலு நாள், ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு நாலு நாள், அவ்வளவுதான் குடும்பம் நடத்தியது. சொந்தக் கடை வைத்தால் உன் பேரைத்தான் வைப்பேன் என்று என்றைக்கோ சொல்லித் தொலைத்திருந்தான். அவள் மறுத்துவிட்டாள். தியாகராய நகரில் பேச்சியம்மாள் என்று எழுதிப் போட்டால் எந்தக் காரிலிருந்து எவள் இறங்குவாள் என்று கேட்டாள். கேட்டது நியாயந்தான். விமலா, சுஜாதா, பிரேமா என்று எத்தனையோ பேர்களைக் கூடப் பழகினவர்கள் சிபாரிசு செய்தார்கள். வெள்ளைத்துரை அசையவில்லை. போன மாதம் பலகை எழுதியாயிற்று என்று கடிதம் போட்டதற்கு, "பார்ப்போம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை அவன் பத்துத் தடவை படித்துவிட்டான். வெள்ளிக்கிழமை அவள் வந்து இறங்கும்போது வாசலில் பலகை இல்லையென்றால் மாநகராட்சி, மீட்டர், சென்டிமீட்டர் என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. என் பேரை வைக்க வெட்கப்பட்டுவிட்டார் என்றுதான் நினைப்பாள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள்.

பலகை எழுதின பவுல்சாமியைச் சாயங்காலமே சாந்தோமிலிருந்து கூட்டி வந்துவிட்டான். பவுல்சாமி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் லட்சுமி படம் போடுவதில் அவரை அடிக்க மயிலாப்பூர் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. பலகையைக் கீழே இறக்கி இரண்டு ஸ்டூல்மேல் கிடத்தி, அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

"எதுக்கு அறுக்கணும்? அழிச்சுட்டுச் சின்னதா எழுத முடியாதா?" என்றான் வெள்ளைத்துரை.

"எழுதுறது மேட்டர் இல்ல மொதலாளி. பலகைதானே நீளமாக் கீது? எழுத்தைச் சின்னதாக்குனா பலகை சின்னதாயிடுமா? புதுப் பலகைன்னா பெயிண்டு காயவே பத்து நாள் ஆவும்."

"அப்போ இடது பக்கம் அறுங்க."

"இடது பக்கம் இன்னா கீதுன்னு பாரு. லச்சுமி கை. காசு கொட்ற கை. அந்தக் கையை அறுத்துட்டு நீ யாவாரம் பண்ணுவியா?"

வெள்ளைத்துரை கன்னத்தில் போட்டுக்கொண்டான். நடுவில் 'பேச்சியம்மாள் ஜவுளி ஸ்டோர்' சிவப்பில், மஞ்சள் நிழலோடு பளபளத்தது. அதில் கை வைக்கும் பேச்சே இல்லை. வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுப்பு எழுத்துகள். பவுல்சாமி அதன்மேல் நாலு விரலை வைத்தார். கச்சிதமாக அடங்கியது.

"இந்தாண்ட அறுக்கலாம். ஆனா அறுத்தா நீ பூடுவே மொதலாளி," என்றார்.

'உரிமையாளர் ச. வெள்ளைத்துரை' என்று இருந்தது அங்கே. வெள்ளைத்துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினாறு வருஷம் அந்தப் பெரிய கடையில் அவனுக்குப் பேர் கிடையாது. முதலாளிக்கு அவன் 'ரெண்டாவது கவுண்டர்'. சேலை வாங்க வருகிறவர்களுக்கு 'ஏம்ப்பா, அந்தப் பச்சையை எடு'. சம்பளப் புத்தகத்தில்கூட வெ.துரை என்று சுருக்கிவிட்டார்கள். பலகை எழுதி முடித்த அன்று ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தன் பேரை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்திருந்தான். இப்போது அழுதுவிடுவோமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது.

"அறுங்க," என்றான்.

"யோசிச்சுக்கோ நைனா. அறுத்தப்புறம் ஒட்ட முடியாது."

"யோசிச்சாச்சு. அளவை மட்டும் நீங்களே போட்டுக்கிடுங்க. என் கையை நம்பாதீங்க."

ரம்பம் ஏறி இறங்குகிற சத்தம் கேட்கச் சகிக்காமல் உள்ளே போய் நின்றான். அறுத்து முடித்ததும் அந்தத் துண்டைத் தினத்தாளில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தான். ஏன் வைத்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தூர எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை எழும்பூரிலிருந்து பேச்சியம்மாளை டாக்ஸியில் கூட்டி வந்தான். வாழ்க்கையில் அவன் ஏறிய முதல் டாக்ஸி. கடை எதிரில் இறங்கியதும் அவள் மூட்டை முடிச்சுகளை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள். உதடு அசைய ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, கடைசி வரைக்கும் படித்தாள். அவள் முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அப்புறம், "அந்த ஓரம் என்ன, பெயிண்ட் இல்லாமப் பச்சை மரமாத் தெரியுது?" என்று கேட்டாள்.

"அது ஒண்ணுமில்ல. கொஞ்சம் நீளமாப் போச்சு, வெட்டியாச்சு," என்றான் அவன்.

அவள் உள்ளே போனதும் வந்த களைப்பைக்கூடப் பாராமல் விளக்குமாற்றை எடுத்தாள். ராகு காலத்துக்கு முன்னால் பூஜையை முடிக்க வேண்டும் என்று வெள்ளைத்துரை பாண்டி பஜார் பக்கம் பூ வாங்க ஓடினான். இரண்டு முழம் மல்லிகையும் ஒரு மாலையுமாகத் திரும்பி வரும்போது தெருமுனையில் மாநகராட்சி லாரி நிற்கிறது. அதைப் பார்த்ததும் கால் ஓடவில்லை. பலகை சரியாகத்தான் இருக்கிறது என்று புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரிய வேண்டுமே. கடைக்கு எதிரே, சைக்கிள் ரிப்பேர்க்காரன் பந்தலுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டான். அங்கிருந்து பேச்சு நன்றாகக் கேட்டது.

"அளவு சரியா இருக்கும்மா. நாலு மீட்டர், ஒரு நூல் கூட ஜாஸ்தி இல்ல," என்று சொல்லிக்கொண்டே சிதம்பரநாதன் பேனாவைத் திறந்தார். "கடை உரிமையாளர் பேரைச் சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும்ங்கறது வேற. கடையில இருக்கறவங்க சொல்லி நான் எழுதணும்ங்கறது வேற."

"நான் எப்படிய்யா சொல்லுவேன்? அவிய பேரை நான் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல."

அது நிஜம். புருஷன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காகவே ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள். கடித உறையில் முகவரி எழுதுவது ஊர்ப் போஸ்ட்மாஸ்டர்.

"அப்போ இதுல எழுதிக் காட்டுங்க."

"எழுதினாலும் மனசுக்குள்ள சொல்லித்தானே எழுதணும்?"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஜாடையாவது காட்டுங்கம்மா." பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். வெள்ளை மல் துணிக் கட்டைக் காட்டினாள். பிறகு கால்சட்டையும் பூட்ஸுமாக நின்ற இன்ஸ்பெக்டரையே காட்டினாள். அவர் துணியைப் பார்த்தார், தன்னைப் பார்த்துக்கொண்டார். "நான் எதையும் வாங்கிக்க மாட்டேன்மா," என்றார் மிகவும் சங்கடத்தோடு.

சைக்கிள் கடைக்காரன் சிரித்தேவிட்டான். வெள்ளைத்துரைக்கும் சிரிப்பு வந்தது. ஓடிப்போய்ப் பேரைச் சொல்லிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தான். அதற்குள் பேச்சியம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய் அந்தப் பலகைத் துண்டோடு வெளியே வந்தாள். பெருக்கும்போது அகப்பட்டிருக்கிறது. தாளை உரித்து, இரண்டு கையாலும் நட்டக் குத்தலாகப் பிடித்து இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு எதிரே நீட்டினாள். அவர் வாசித்து வாசித்து எழுதிக்கொண்டார். "முடிஞ்சுதும்மா. இதை உள்ள வச்சுடுங்க," என்று சர்டிபிகேட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அவள் உள்ளே வைக்கவில்லை. சர்டிபிகேட்டையும் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஏறி இறங்கிய முக்காலியில் ஏறினாள். பலகையின் பச்சை மரம் தெரிகிற ஓரத்தோடு துண்டைப் பொருத்தினாள். ரம்பம் போன இடம்கூடத் தெரியாமல் பொருந்திவிட்டது.

"அம்மா, அதை அங்க மாட்டக் கூடாது," என்றார் சிதம்பரநாதன்.

"மாட்டலையே. புடிச்சிட்டுத்தான நிக்கேன்."

அவர் பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, நடைபாதையில் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து படித்தார்கள். யாரோ வாய்விட்டே படித்தார்கள், கடைசி எழுத்து வரைக்கும். எதிர்ப் பக்கம் பூவோடு நின்ற வெள்ளைத்துரைக்கு அவள் முதுகும், தூக்கிய இரண்டு கைகளும், முழங்கை வரை இறங்கிவிட்ட கண்ணாடி வளையல்களும்தான் தெரிந்தன. கைகள் லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தன. அவள் இறக்கவில்லை.