முகம் விழாத படம்

அப்பா செத்த அன்று சாயங்காலம் பந்தலில் கட்டியிருந்த ட்யூப்லைட் எரியவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவர், பழக்க தோஷம், "நல்லானைக் கூப்பிடுங்கப்பா" என்று சத்தம் போட்டுவிட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். கூப்பிட்டால் வரக்கூடிய ஆள், தாடையைக் கட்டிப் பெஞ்சின் மேல் படுத்திருந்தார். சொன்னவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அழுகை வருவதற்கு இன்னும் பதினொரு நாள் ஆனது.

பல்லடம் ரோட்டில் அருள்புரத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஊரில் மூன்று பனியன் கம்பெனிகள். அப்பா செத்த தொண்ணூற்றேழில் தெருவுக்கு மூன்று. எந்தக் கம்பெனியில் தையல் மெஷின் நின்றாலும், எந்தச் சந்தில் அடிபம்பு மக்கர் பண்ணினாலும், யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் அதே சத்தம்தான்: நல்லானைக் கூப்பிடு. மஞ்சள் பையில் நாலு ஸ்பேனர், ஒரு டெஸ்டர், கொஞ்சம் பனியன் வேஸ்ட் துணி, இவ்வளவுதான் அவர் ஆஸ்தி. படித்தது ஐந்தாம் வகுப்பு. போனவுடன் எதையும் கழற்ற மாட்டார். மெஷின் மேல் கையை வைத்து, "என்ன சாமி பண்ணுது?" என்று அதனிடமே கேட்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும்.

எங்கள் வீட்டில் மட்டும் ஸ்டவ்வின் ஒரு காலுக்குக் கல் முட்டுக் கொடுத்திருக்கும். கதவுத் தாழ்ப்பாள் பதினோரு வருடமாக வேஸ்ட் துணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டால், ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்.

"வளரும் வளரும். கல்லு வெச்ச அடுப்புல வெந்து வளரும்" என்பாள் அம்மா.

அம்மா பெயர் பழனாத்தாள். அப்பாவை எடுத்துப் போன மறுநாளே அவள் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேணும், அம்மிணி. உங்கப்பன் மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு. மொட்டைச் செவுத்துக்கா மாலை போடறது?"

தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வீட்டில் அப்பா படம் ஒன்றுகூட இல்லை. அப்பா அம்மா கல்யாணத்தில் போட்டோ எடுக்கும் பழக்கம் இல்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கப் பள்ளிக்கூடத்தில் வரிசை நின்றபோது பியூஸ் போய்விட்டது. வரிசையை விட்டுப் போய்ச் சரிசெய்து கொடுத்தவர், அப்படியே தலைமையாசிரியர் அறையில் இருந்த ஃபேனையும் பார்க்கப் போய்விட்டார். ஊர் முழுக்க அட்டை வாங்கியது. கரண்டு கொடுத்தவருக்கு அட்டை இல்லை.

என் கல்யாண ஆல்பத்திலும் அவர் கிடையாது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எண்பத்தொன்பது தை மாதம். விடிகாலை ஐந்தரைக்கு முகூர்த்தம். நாலரை மணிக்கு மண்டபத்தில் கரண்டு போனது. வாடகைக்கு வந்திருந்த ஜெனரேட்டர் ஓட மாட்டேன் என்றது. புது வேட்டியோடு நின்ற அப்பாவைக் கூப்பிட்டார்கள். போனவர் போனவர்தான். லைட் வந்தது, அப்பா வரவில்லை. தாலிக்கு முந்தைய இணைச்சீர்ச் சடங்கு முடிந்தது, வரவில்லை. நடுவில் பல்புகள் பளீரென்று எரிந்து இரண்டு வெடித்தன. என் மாமியார் முகம் சுருங்கியதை நான் மணையில் உட்கார்ந்துகொண்டே பார்த்தேன். தாரை வார்க்கும் நேரமும் வந்துவிட்டது. அப்பாவைக் கூட்டிவரப் போன பெரியப்பா சென்னியப்பன் தனியாகத் திரும்பி வந்தார். எதுவும் சொல்லாமல் பெரியம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவரே என் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுத்தார். அம்மா தூணோரம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பொண்ணைப் பெத்தவரு மெஷினுக்குத் தாரை வாக்கப் போயிட்டாராட்ட இருக்குது" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு குரல் கேட்டது. சிரித்தார்கள்.

எல்லாம் முடிந்து விடிந்த பிறகு கையெல்லாம் டீசலும் கரியுமாக வந்தார். "எங்கப்பா போனீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "கரண்டு போகலையல்ல, கண்ணு?"

இப்படி ஒரு பதிலை மன்னிக்க முடியுமா? நான் மன்னிக்கவில்லை. ஆடிக்கும் தீபாவளிக்கும் சீர் எடுத்துக்கொண்டு அருள்புரத்தில் என் வீட்டுக்கு வருவார். வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க. எட்டு வருடமாக அவரிடம் நான் பேசியது இந்த மூன்றும்தான். அவரும் சும்மா போக மாட்டார். குழாயோ இஸ்திரிப் பெட்டியோ எதையாவது சரிசெய்துவிட்டுத்தான் போவார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் படம் தேடினேன். ஷிப்மென்ட் நேரம் என்று கம்பெனியில் ஒரு வாரத்துக்கு மேல் லீவு தரவில்லை. நான் செக்கிங் செக்‌ஷன். காலை எட்டரையிலிருந்து நின்றபடி பனியனில் ஓட்டை பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு விட்டால் கண் இரண்டும் எரியும், கால் இரண்டும் வீங்கியிருக்கும். அந்தக் காலோடுதான் பஸ் ஏறி ஊருக்குப் போய் வீடு வீடாகக் கல்யாண ஆல்பம் பார்த்தேன். ஊரில் அப்பா கால் வைக்காத கல்யாணம் கிடையாது. எப்படியும் ஒன்றில் முகம் விழுந்திருக்கும் என்று நம்பினேன்.

முதலில் பெரியப்பா வீடு. எண்பத்துநாலில் அவர் மகன் கல்யாணம். ஏணியின் மேல் இரண்டு கால்கள். குதிகால் வெடிப்பை வைத்து அப்பா என்று தெரிந்தது. ஏணிக்கு மேலே படம் முடிந்துவிட்டது. பெரியப்பா ஆல்பத்தை மூடிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் டீ குடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

அடுத்து சேக் தாவூது பாய் வீடு. சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவர் மகள் நிக்காஹ் படத்தில், ஓரமாக ட்யூப்லைட்டைத் தூக்கிப் பிடித்த ஒரு கை மட்டும் இருந்தது. கட்டை விரல் நகம் பாதி இல்லை. அப்பாவேதான். பாயின் மனைவி நூர்ஜான் அந்தக் கையைத் தடவித் தடவி அழுதார். "எங்க ஊட்டு ஆம்பளைங்க மாதிரி உள்ள வந்து போன மனுசன் கண்ணு அவரு." அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிரைண்டர் ரெண்டு நாளா சுத்தலை, நீ சித்தெ பாக்கறயா?" என்றார். நல்லான் மகள் என்றால் எனக்கும் தெரிந்திருக்க வேண்டுமாம்! தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினாலு வீடு பார்த்தேன். முதுகு, முழங்கை, வேட்டி மடிப்பு, ஒயர் பிடித்த விரல் என்று அப்பாவைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. எல்லாரும் அவரைப் பற்றிக் கதை சொன்னார்கள். அவர் நல்லவர் என்று பதினாலு வீட்டில் கேட்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று, அந்த நல்லவர்மேல் கோபமாக இருக்கும் மகளைத்தான் கேட்க வேண்டும்.

பதினோராம் நாள் வேலை விட்டு வரும்போது, கடைசியாக, அருள்புரம் பஸ் ஸ்டாப்பில் இருக்கும் அக்பர் அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்கு எண்பத்துமூன்றிலிருந்து அவர்தான் போட்டோ. என் கல்யாணத்துக்கும் அவர்தான். படம் இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து, நெகட்டிவை பல்புக்கு நேராகப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க, அம்மிணி. மூஞ்சி தெரியாது. ஆல்பத்துல வெக்கல, வேஸ்ட் பிரேம்."

தாலி கட்டும் நேரத்தில் பிலிம் ரோல் தீர்ந்துவிடக் கூடாதாம். அதனால் சற்று முன்பே, மிச்சம் இருக்கும் கடைசிப் படத்தை எதையாவது பார்த்து அடித்துக் கழித்துவிட்டுப் புது ரோல் போட்டுக்கொள்வார்களாம். என் கல்யாணத்தில் அவர் கழித்த படம் அது.

"லைட்டு நிக்குமான்னு கேக்க ஜெனரேட்டர்கிட்டப் போனனுங்க. நின்னாப்புல ஒண்ணு அடிச்சுட்டு ரோல் மாத்துனேன்."

"ஜெனரேட்டர் செட்டுத்தான் ஓடிட்டு இருந்துதுங்களே, அண்ணா. அப்புறமும் அங்க என்ன வேலை அவருக்கு?"

அக்பர் அண்ணன் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"என்னதுங்க?"

"ஸ்பிரிங் அறுந்து போச்சுங்க. டீசல் லிவரைக் கையிலயே புடிச்சுட்டு நின்னாத்தான் ஓடும். செட்டுக்காரரு ஒருக்கா வாங்கிப் புடிச்சாரு. பல்பெல்லாம் பளீர்னு எரிஞ்சு ரெண்டு வெடிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் அண்ணன் கையை எடுக்கவே இல்லீங்க. உங்க பெரியப்பா வந்து, தாரை வாக்கோணும் வாடான்னு கையைப் புடிச்சு இழுத்தாரு. 'தாலி ஏர்ற நேரத்துல வெளக்கு அணைஞ்சா அந்த ஊட்டுல எம்புள்ளைய ஆயுசுக்கும் சகுனம் பேசுவாங்க. நீயே வாத்துடுண்ணா'ன்னாரு."

"இத்தனை வருசமா யாரும் எங்கிட்டச் சொல்லலையே."

"சொல்லக் கூடாதுன்னு உங்க பெரியப்பாகிட்டயும் எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாருங்க. வெளக்கு அணையப் பாத்துதுன்னு தெரிஞ்சாலே போதும், பேச்சு வந்துருமாம். 'என்னையக் கிறுக்கன்னு சொல்லட்டும், புள்ளைய ஒண்ணும் சொல்லப்படாது'ன்னாரு. அவரே போயிட்டாரு, இனி என்னங்க சத்தியம்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கரண்டு போகலையல்ல, கண்ணு? அவர் மெஷினைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். எட்டு வருடம், என் வீட்டுக் குழாயைச் சரிசெய்துகொண்டு, நான் திரும்பக் கேட்பேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. நான் கேட்கவே இல்லை.

காரியத்துக்கு முந்தின நாள் படம் பெரிதாகிக் கண்ணாடிச் சட்டத்தோடு வந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் அப்பா நிற்கிறார். வலது கை பின்னால் நீண்டு லிவரைப் பிடித்திருக்கிறது. கேமராவுக்கு முதுகு. குதிகால் இரண்டையும் தூக்கி, மண்டபச் சுவரில் இருந்த ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து வந்த வெளிச்சம் ஒரு காதின் மேல் மட்டும் விழுந்திருக்கிறது.

அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இதுலயும் முதுகைத்தான் காட்டறாரா" என்றாள். அப்புறம், "எதை இப்படி எட்டிப் பாக்கறாரு?" என்று கேட்டாள்.

"என்னையத்தாம்மா" என்றேன். அக்பர் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்து, "இதையே மாட்டு" என்றாள்.

மறுநாள் படையல் போட்டார்கள். படத்தைப் பார்த்த என் மாமியார், "முதுகுக்கா மாலை போடறது? சம்பந்தி மூஞ்சியே தெரியலையே" என்றார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாலையைப் போட்டபோது அது லிவரைப் பிடித்த கையை மறைத்தது. கை தெரியும்படி ஒதுக்கிவிட்டேன்.

இலையில் சோறு போட்டு, அவருக்குப் பிடித்த அரிசியும்பருப்பும் சாதம் வைத்து, மகள் நீ சொல்லிக் கூப்பிடு என்றார்கள்.

"வாங்கப்பா" என்றேன். "சாப்பிடுங்க."

எட்டு வருடம் சொன்னதில் மூன்றாவது மட்டும் எனக்கு வாயில் வரவில்லை.