கடைசிப் பாட்டில் வரும் சிரிப்பு

1

இதை எனக்குச் சொன்னவர் என் பெரியம்மா மகன். கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவர். எல்லோருக்கும் அவர் சவுண்டு அண்ணன். சொன்னபோது ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். இல்லை, சுற்றி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. இடையிடையே அவர் பேசாமல் இருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. சொன்ன வார்த்தைகளைவிட அந்த மௌனங்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். மௌனத்தை அச்சடித்தால் யார் படிப்பார்கள்? அதனால் வார்த்தைகள் சிலவற்றை நான் போட்டிருக்கிறேன். எது அவருடையது, எது என்னுடையது என்று எனக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவது ஆண்டுக் கடைசி விடுமுறைப் பருவத்தில். என் அறைக்குக் கீழே துணிக்கடை. அங்கே இந்தக் கதையில் வரும் பாடகியின் ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பாட்டு நெருங்கினால் என் பேனா நின்றுவிடுகிறது.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேடை நடுவே அவள்"

(விட்டுவிட்டேன். பனியா கொட்டியது? காகிதம்.)

இரண்டாவது: "புகழ் என்பது ஒரு"

(இப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்கமாட்டேன்.)

மூன்றாவது பரவாயில்லை. அது கோடையில் தொடங்குகிறது. குளிர்கால ஆல்பத்தைக் கொளுத்தும் வெயிலில்தான் பதிவு செய்தாக வேண்டும். அப்போதுதான் விடுமுறைக்குள் கடைக்கு வரும். பதிவு அறையில் மின்விசிறி ஓடக் கூடாது, அதன் முனகல் மைக்கில் விழும். பாடகி கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் அண்ணன்.

"குளிர் வரவே மாட்டேங்குதுண்ணே. பனி பெய்யுதுன்னு பாடுறேன், முதுகுல ஆறு ஓடுது."

கடைசிப் பாட்டின் கடைசிப் பல்லவிக்குச் சற்று முன் அவள் குரல் சோர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அண்ணன் ஒரு கம்பளிக் குல்லாயை எடுத்துக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டு, குளிரில் பல் தந்தியடிப்பதுபோல் நடித்தார். அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் வெடித்த சிரிப்பு. அதே மூச்சில் பல்லவியைப் பிடித்துக்கொண்டாள். அதை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

ஆல்பம் ஓடியது அந்தச் சிரிப்பால்தான். ஆண்டுக் கடைசியில் ஊர் ஊராகக் கச்சேரி. அந்த இடம் வந்ததும் அரங்கமே அவளோடு சிரிக்கும். முதல் சில பருவங்களில் அவளும் நிஜமாகவே சிரித்தாள்.*

* மேடை ஓரத்தில் அண்ணன் அதே குல்லாயை மாட்டிக்கொள்வாராம். அப்படியும் சிரிப்பு வராத நாளில் நாக்கைத் துருத்துவாராம். எனக்கு அவரை அப்படிக் கற்பனை செய்ய முடியவில்லை, ஆனாலும் எழுதியாயிற்று.

3

கச்சேரிகளை நடத்தியவர் அவளுடைய மாமா, அக்காவின் கணவர். "ஸ்வெட்டர் விக்கிறவனும் நாமளும் ஒண்ணு. சீசன் போச்சுன்னா சரக்கு தேங்கிடும்" என்பார். கடைசிப் பாட்டுக்கு மேலே இருந்து காகிதப் பனி கொட்டுவது அவர் யோசனை. கச்சேரி முடிந்ததும் அவரே விளக்குமாறு எடுத்து அதைக் கூட்டிச் சாக்கில் கட்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார். வீண் செய்ய மனம் வராது. போகப் போக அந்தப் பனியில் தூசி, தலைமுடி, உடைந்த பொத்தான் எல்லாம் சேர்ந்து பெய்தது.

ஒருநாள் பெரிய மூச்சாக இழுத்தவளின் தொண்டைக்குள் ஒரு துண்டு போய் ஒட்டிக்கொண்டது. மூச்சு நின்றது. முகம் கறுத்தது. அண்ணன் யோசிக்கவில்லை. அவள் மைக்கை மூடினார். அவசரத்துக்கென்று கூடவே ஓடவிட்டிருந்த பழைய பதிவின் ஒலியை ஏற்றினார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு இருமினாள். அரங்கம் பதிவின் சிரிப்போடு சேர்ந்து சிரித்தது. யாருக்கும் தெரியவில்லை.

இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "காப்பாத்திட்டீங்கண்ணே."

மறுநாள் பனி கொட்டத் தொடங்கியதுமே அவள் தோள் இறுகுவதைப் பார்த்தார். அவள் கேட்காமலே மைக்கை மூடினார். அதற்கடுத்த நாளும் மூடினார்.

அவர் செய்த தவறு இதுதான். அன்பால் செய்தது. அதனால்தான் அதை யாரும் தவறு என்று சொல்லவில்லை.

4

மூடிய மைக்கில் அவள் பேசினால் அரங்குக்குக் கேட்காது. அண்ணனின் காதுக்கு மட்டும் கேட்கும். அவரும் ஒரு பொத்தானை அழுத்தி, அவள் காதில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியில் அவளுக்கு மட்டும் பேசலாம். ஆயிரக்கணக்கானவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, வாயசைவுக்கு நடுவே இவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். முதலில் எல்லாம் விளையாட்டு.

"அண்ணே, இன்னிக்குப் பனியில ஒரு பஸ் டிக்கெட் வந்துச்சு."

"பத்திரமா வைம்மா. மாமா கணக்கு கேப்பாரு."

அடுத்த பருவத்தில் விளையாட்டு குறைந்தது.

"வருதுண்ணே."

"என்னம்மா?"

"அந்தச் சிரிப்பு. எனக்கு முன்னாடியே வந்துடுது. தெனம் ஒரே மாதிரி. அவ எனக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கு."

"அது நீதாம்மா."

"நான் இல்ல. நானா இருந்தா ஒருநாளாச்சும் களைச்சுப் போயிருப்பேன்ல?"

(இங்கே அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தார். கீழே கடையில் இப்போது மூன்றாவது பாட்டு.)

பகலில் தனியாக அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தாளாம். பல்லவிக்கு முன்னால் தொண்டை சாத்திக்கொள்ளுமாம், உள்ளே இருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். அந்தப் பதில்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

5

மாமாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன்: "இளகாத மனம் கொண்ட" என்று ஒரு வரிகூட இருந்தது. அடித்துவிட்டேன். அவள் சாப்பிடாமல் எழுந்தபோது பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். "ரெண்டு வாய் சாப்பிடு கண்ணு. பாட்டை மெஷின் பாடும், சாப்பாட்டை மெஷின் சாப்பிடுமா?" என்றாராம். பாசமாகச் சொன்னதுதான். அவள் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

வில்லன் இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

6

அந்தப் பருவத்தின் கடைசிக் கச்சேரி, பகல் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது, குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்த தகப்பன்மார். கடைசிப் பாட்டு தொடங்கியது. காகிதம் இறங்கியது. அண்ணன் வழக்கம்போல் மைக்கை மூடினார்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"இன்னிக்கு அவளை நிறுத்திடுங்க. மைக்கைத் திறங்க."

"பாடுவியா?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படிம்மா? ஜனம் பூரா காத்துக்கிட்டிருக்கு. குரல் வரலைன்னா இத்தனை வருஷப் பேரும் போயிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேண்ணே. அவதான் இருப்பா."

வாயசைவு பிசகவில்லை. உதடு பாட்டைப் பாடியது. பாட்டின் இடைவெளிகளில் அதே உதடு இதைக் கேட்டது. முன்வரிசையில் ஒருத்தி தன் மகளிடம், "இப்பப் பாரு, சிரிப்பாங்க" என்று காட்டுவது அண்ணனுக்குத் தெரிந்தது. பாடகி திரும்பி அவரைப் பார்த்தாள். குல்லாய் அவர் பையில்தான் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

"அண்ணே, வரப்போகுது. திறங்க."

பதிவை நிறுத்தும் பொத்தான் ஒரு விரலின் கீழ். மைக்கைத் திறக்கும் பொத்தான் இன்னொரு விரலின் கீழ்.

7

முதல் முடிவு: திறக்கிறார். அரங்கில் ஒரு வறட்டு மூச்சு கேட்கிறது, அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் ஒரு குழந்தை "அம்மா, ஏன் நின்னுட்டாங்க?" என்று கேட்கிறது. (இதை அடிக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை.)

இரண்டாவது: திறக்கிறார். முதலில் இருமல். பிறகு கரகரப்பாக, சுருதி இறங்கி, ஒரு குரல். மக்கள் சிரிக்க மறந்து கேட்கிறார்கள். (ஆசைப்பட்டு எழுதியது. எனக்கு நம்பிக்கை இல்லை.)

மூன்றாவது: திறக்கவில்லை. சிரிப்பு வருகிறது. அரங்கம் சிரிக்கிறது. அவள் தோள் குலுங்குகிறது, எந்த நாளையும்விடத் தத்ரூபமாக. அண்ணனுக்கு மட்டும் அவள் மைக்கில் என்ன கேட்டது என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

அண்ணன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "விரலை வச்சேன்." பிறகு வலது கையை மேசைமேல் குப்புற வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறி ஆடை கட்டியது. திறந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்பதுதான் என் பயம். அந்த விரலை இப்போது உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பாட்டு பிடிக்குமா, பாடுகிறவளைப் பிடிக்குமா என்பதைப் பொறுத்தது அது.

8

அதன்பிறகு நடந்தவை:

பாடகி அடுத்த பருவத்தில் மேடை ஏறவில்லை. அதற்கடுத்த பருவத்தில் ஏறினாள். கடைசிப் பாட்டை மட்டும் பாடவில்லை. இப்போது அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள். மாமா வேறொரு பாடகியை வைத்துக் கச்சேரி நடத்துகிறார்; காகிதத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குகிறார். அண்ணன் ஒரு கூட்ட அரங்கில் வேலை பார்க்கிறார். பேச வருகிறவர்கள் வாய் திறக்குமுன்பே மைக்கைத் திறந்துவைத்துவிடுகிறார் என்று அங்கே அவர்மேல் ஒரு புகார் உண்டு.

ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது, அவள் கேட்டுக்கொண்டபடி, சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அந்த இடம் இப்போது காலியாக ஓடுகிறது. கீழே கடையில் அதுதான் ஓடுகிறது. அந்த இடம் வந்ததும் துணி பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் தாங்களாகவே சிரிக்கிறார்கள்.