கூண்டுக்குப் போட்ட புதுத் தாழ்ப்பாள்

காலையில் கூண்டைத் திறந்ததும் எல்லாக் கோழிகளும் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன, பேர்லைத் தவிர. பேர்ல் மூலையில் கழுத்தை உள்ளுக்கு இழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. சிவப்பாக இருக்க வேண்டிய கொண்டை கருநீலமாகியிருந்தது. வெர்னா குனிந்து அதை உற்றுப் பார்த்தாள்.

முந்தின நாள்தான் ஒரு பெட்டை செத்திருந்தது. வயசான கோழி, போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தரை உறைந்து மண்வெட்டி இறங்காததால் புதைக்கவும் முடியவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பின்பக்க ஷெட்டில் வைத்திருந்தாள். ஆனால் பேர்லுக்கு வயசாகவில்லை. போன வசந்தத்தில் அவள் கண்முன்னே பொரித்த குஞ்சு அது. உடம்பெல்லாம் வெள்ளை, கழுத்திலும் வாலிலும் மட்டும் கருப்புக் கோடு கோடாக, அச்சு அசல் டெலவேர் இனக் கோழி. அந்த வளர்ப்பில் வெர்னாவுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வேலிக்கு அப்பால், அறுவடையான சோள வயலில், வடக்கேயிருந்து வந்த வெள்ளை வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தன. பறவைக் காய்ச்சலைக் கொண்டு வருவது இந்த வாத்துகள்தான் என்று ரேடியோவில் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்தின் வடகோடியில் ஒரு பண்ணையை ஏற்கெனவே மொத்தமாகக் காலி செய்தாகிவிட்டது.

வெர்னா நேராகப் போய்த் தம்பிக்குத்தான் போன் செய்தாள்.

தம்பி டாயல் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். நாலு நீளக் கொட்டகை, உள்ளே லட்சம் பிராய்லர் கோழி. கோழி கம்பெனியுடையது, தீனி கம்பெனியுடையது, கொட்டகையும் அதன் கடனும் மட்டும் டாயலுடையது. அப்படித்தான் இந்தப் பக்கம் பிழைப்பு. கம்பெனி ஒப்பந்தத்தில் கறாராக ஒரு விதி உண்டு: பண்ணைக்காரன் வேறு எந்தக் கோழியும் வளர்க்கக் கூடாது, வளர்க்கிறவர்களின் கூண்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. மீறினால் கம்பெனியிலிருந்து அடுத்த குஞ்சு வராது. குஞ்சு வராவிட்டால் டாயல் கதை முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், லட்சம் கோழி வைத்திருப்பவனுக்குக் காலையில் பொரித்துத் தின்ன ஒரு முட்டை கிடையாது. பிராய்லர் முட்டையிடும் வயசுக்கு வருவதற்குள் லாரி ஏறிவிடும். கடை முட்டை அவனுக்குப் பிடிக்காது. அதனால் பொழுது சாய்ந்ததும் அக்கா வீட்டுப் பின்வாசலுக்குத் திருடன் மாதிரி வந்து முட்டை வாங்கிப் போவான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வெர்னாதான் கெடுத்தாள். ராத்திரி காட்டிலிருந்து வந்த ரக்கூன் கூண்டுத் தாழ்ப்பாளைப் பிய்த்துப் போட்டுவிட்டது, கொஞ்சம் பார்த்துக் கொடேன் என்றாள். கூண்டுக்குள் இறங்கி, புதுத் தாழ்ப்பாள் போட்டு, கிழிந்த கம்பிவலைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

"ரெண்டாவதா?" என்றான் டாயல் போனில்.

"கொண்டை நீலமாயிருச்சுடா. அரசாங்க டாக்டரைக் கூப்பிடப் போறேன்."

"அக்கா, கொஞ்சம் பொறு. கழுத்தைத் திருகிப் பையில போடு. எவனுக்குத் தெரியப் போவுது?"

"அந்த நோவா இருந்தா? உன் கொட்டகைக்கு வராதா?"

"வந்தா வாத்துல வந்ததுன்னு போவும். நான் உன் கூண்டுக்குள்ள நின்னேன்னு தெரிஞ்சா, நோவு வருதோ இல்லையோ, நான் காலி."

"செத்தா மறைக்கச் சொல்றே. நல்லாயிருக்குடா உன் நியாயம்."

"நியாயம் பேசுறவங்க தாழ்ப்பாளைத் தானே போட்டுக்கணும்," என்றான். பிறகு குரல் இறங்கியது. "சரி, கூப்பிடு. ஆனா நான் வந்ததை மட்டும் சொல்லிராதே. உன் கால்ல விழறேன்."

அவன் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை. அதுதான் வெர்னாவுக்கு அதிகப் பயமாக இருந்தது.

மதியத்துக்குள் அரசாங்கக் கால்நடை டாக்டர் கெல்சோ வந்துவிட்டாள். முப்பது வயசு இருக்கும். வெள்ளை முழு அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, காலணிக்கு மேல் உறை இழுத்துவிட்டுக்கொண்டு கூண்டுக்குள் போனாள். ஜட்ஜ் என்ற பெரிய சேவல் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றது. ஒவ்வொரு கோழியின் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தாள். செத்த கோழியைப் பையோடு வாங்கிக்கொண்டாள். பேர்லையும் கேட்டாள்.

"அதுக்கு இன்னும் உசுரு இருக்கே," என்றாள் வெர்னா.

"தெரியுதும்மா. ஆனா இது பொழைக்காது. உள்ளே என்னன்னு பார்த்தாத்தான் மத்ததுங்களுக்கு என்னன்னு சொல்ல முடியும்."

வெர்னா பேர்லைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள்.

"இந்த ரெண்டு வாரத்துல கூண்டுக்குள்ள யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"நான் மட்டுந்தான்."

"குடும்பத்துல வேற யாராவது கோழி வெச்சிருக்காங்களா?"

"ரோட்டுக்கு அந்தாண்ட என் தம்பி. கம்பெனிப் பண்ணை." வெர்னா சாலைப் பக்கம் கையைக் காட்டினாள். "அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். ஏதாவது பேசணும்னா தபால் பெட்டிகிட்ட நின்னு பேசிட்டுப் போயிருவான்."

டாக்டர் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று வெர்னாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நல்லது," என்றாள் டாக்டர். "யாராவது வந்து போயிருந்தா அவங்க பண்ணையை இப்பவே நிறுத்தி வெச்சிருப்போம், தீனி வண்டிகூட உள்ளே போகாம. இல்லேன்னா ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கலாம்."

அவள் போன பிறகு வெர்னா சமையலறை ஜன்னலிடம் உட்கார்ந்தாள். காப்பி ஆறிப் போயிற்று. டாக்டர் கடைசியாகச் சொன்னது காதிலேயே நின்றது. தீனி வண்டி. டாயல் கொட்டகைக்கு வரும் வண்டி அங்கிருந்து எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த திருப்பத்தில் பிராடியும் அவன் பெண்டாட்டியும் புதுசாக இரண்டு கொட்டகை கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தை வேறு. அதற்கப்பால் இன்னும் இரண்டு பண்ணை. பேர்லுக்கு வந்தது அந்த நோவாக இருந்து, டாயலின் பூட்ஸில் ஒட்டிப் போயிருந்தால், அவள் வாயிலிருந்து வந்த இரண்டு வார்த்தை சாலை நெடுகப் போகும்.

இல்லாமலும் இருக்கலாம். வேறு ஏதாவது சாதாரண நோவாக இருக்கலாம். அப்படியானால் தம்பியைக் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சமாகும். எழுந்தாள், உட்கார்ந்தாள், கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு தாழ்ப்பாளுக்கு இவனைக் கூப்பிட்டிருக்க வேண்டாமே!

சாலையில் தீனி வண்டி தெரிந்தது. வேகம் குறைந்து, டாயல் பண்ணை வழியில் திரும்பியது.

வெர்னா போனை எடுத்தாள். "டாயல், வண்டியை உள்ளே விடாதே. நீயே டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிரு."

"என்ன சொல்ல? நீ என்ன சொன்னே?"

"யாரும் வரலேன்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன? விடு."

"அந்த வண்டி அடுத்து பிராடிகிட்டப் போவும்டா."

"பிராடி என்ன உன் கூடப் பொறந்தவனா?"

"இல்லே."

"நான்?"

அவன் போனை வைத்துவிட்டான். வெர்னா டாக்டர் கொடுத்துவிட்டுப் போன எண்ணை அழுத்தினாள்.

"நான் பொய் சொல்லிட்டேன்," என்றாள். "ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்தான். கூண்டுக்குள்ள."

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தீனி வண்டியை டாயல் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தி, சக்கரம் வரை மருந்து அடித்தார்கள். அது ஏன் நிற்கிறது என்று கம்பெனி கேட்டது. கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். பொழுது சாயுமுன் கம்பெனி மேற்பார்வையாளரின் வெள்ளை பிக்கப் டாயல் பண்ணைக்குள் போவதை வெர்னா ஜன்னல் வழியே பார்த்தாள். அது வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றிரவு அவள் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் மதியம் டாக்டர் கூப்பிட்டாள்.

"பறவைக் காய்ச்சல் இல்லேம்மா. எல்லாமே நெகடிவ்."

"அப்ப என்ன?"

"ரெண்டு கோழிக்கும் இரைப்பையில கம்பித் துண்டு. புதுக் கம்பி, பளபளன்னு இருக்கு. தீனின்னு நினைச்சுக் கொத்தியிருக்கும். குத்தி, உள்ளே சீழ் வெச்சிருச்சு. அங்கே சமீபத்துல வலை ஏதாவது வெட்டினீங்களா?"

"வெட்டினோம்," என்றாள் வெர்னா.

கோட்டை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள். டாயல் பண்ணை வழியில், வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்ற பலகைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். கோழிக்காரி அவள், அதைத் தாண்டும் உரிமை அவளுக்குக் கிடையாது. அவன் ஒரு கொட்டகையிலிருந்து வெளியே வந்து, அவளைப் பார்த்து, திரும்பிவிடலாமா என்று யோசிப்பவன் போல நின்றான். அப்புறம் மெதுவாக வந்தான்.

"நெகடிவாம்," என்றாள்.

"தெரியும். எனக்கும் போன் வந்துச்சு."

"கம்பித் துண்டாம்டா."

டாயல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "வலையை வெட்டினப்ப தெறிச்சுது. பொறுக்கணும்னுதான் குனிஞ்சேன். ரோட்டுல வண்டி லைட்டு தெரிஞ்சுது. கம்பெனிக்காரனோன்னு பயந்து, அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

வயலில் வாத்துகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

"கம்பெனி என்ன சொல்லுது?"

"இப்ப இருக்கிறதை ஏத்திருவாங்க. அதுக்கப்புறம் குஞ்சு கிடையாது."

"மன்னிச்சுக்கடா."

"பிராடி இன்னிக்குக் காலையில போன் பண்ணான், நன்றி சொல்றதுக்கு. எனக்கு! நானே டாக்டர்கிட்டச் சொல்லி வண்டியை நிறுத்தினேன்னு நினைச்சுக்கிட்டான்." டாயல் காறித் துப்பினான். "உன்மேல கோவமா இருக்குக்கா. சீக்கிரத்துல போவாது."

"போவ வேண்டாம்," என்றாள் வெர்னா.

அவன் திரும்பி நடந்தான். பத்தடி போய் நின்று, திரும்பாமலே பேசினான்.

"உன் சேவலையும் ரெண்டு விடைக்கோழியையும் எனக்குக் கொடு."

"எதுக்குடா?"

"முட்டை திங்கத்தான். இனிமே வளக்கக் கூடாதுன்னு சொல்ல யாரு இருக்கா?" சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

வெர்னாவுக்கு ஓடிப்போய் அவன் தோளைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பலகை குறுக்கே நின்றது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஜட்ஜைத் தரமாட்டேன். அதோட மவன் ஒண்ணு இருக்கு, வேணா எடுத்துக்க," என்றாள். "அதுங்களை வெச்சுக்க இடம் இருக்கா?"

டாயல் தலையை நிமிர்த்தித் தன் பண்ணையைப் பார்த்தான். கடைசி வரை கண்ணை ஓட்டிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"நாலு கொட்டகை இருக்கு," என்றான்.